ஒரு சிக்கன் சாண்ட்விச்சுக்குள் இத்தனை சங்கதியா? திண்டுக்கல்காரர்களே, தெரியுமா?

பூட்டு தெரியும். பிரியாணி தெரியும். சின்னாளப்பட்டிச் சேலை தெரியும். ஆனால் வெளிநாட்டுச் சமையல் புத்தகக்காரர்கள் ‘வெப்பமண்டலப் பழங்கள் சேர்த்த சிக்கன் சாலட் சாண்ட்விச்’ என்று உருகி உருகி எழுதுகிறார்களே, அதற்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வட்டத்துக்குள் கிடைக்கிறது என்பது தெரியுமா? மாம்பழத்துக்கு நத்தம். கொய்யாவுக்கு ஆயக்குடி. பன்னீர் திராட்சைக்குக் கொடைரோடு. எலுமிச்சை, மலைவாழை, பலா மூன்றுக்கும் சிறுமலை. காய்கறிக்கு ஒட்டன்சத்திரம். கோழிக்கு அய்யலூர் சந்தை. லண்டன்காரர் டப்பாவை உடைத்துத் தேடும் வெப்பமண்டலத்தை, நாம் மஞ்சப்பையோடு டவுன் பஸ் ஏறி வாங்கி வந்துவிடலாம். வாங்கி வந்ததை ரொட்டிக்கு நடுவே வைக்கத்தான் நமக்கு இதுவரை தோன்றவில்லை!

சரி, ரொட்டியைத் திறந்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரபுவின் பெயர் தீவுக்கு, தீவின் பெயர் பீட்சாவுக்கு!

சாண்ட்விச் என்பது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஒரு பழைய துறைமுக ஊர். அந்த ஊரின் பெயரைப் பட்டமாகச் சுமந்தவர் நான்காம் சாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகு. சீட்டாட்ட மேசையைவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல், ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பது ஊரறிந்த கதை. கதையா, நடந்ததா என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். சண்டையே இல்லாத சங்கதி ஒன்று உண்டு. ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பல பாகங்களில் எழுதினாரே எட்வர்ட் கிப்பன், அவர் 1762 நவம்பர் 24-ஆம் தேதி நாட்குறிப்பில் இந்தத் தின்பண்டத்தை இதே பெயரால் குறித்து வைத்திருக்கிறார். எழுத்தில் அகப்பட்டிருக்கும் முதல் சாண்ட்விச் அதுதான்!

அதோடு முடியவில்லை. அந்தப் பிரபு பின்னாளில் இங்கிலாந்துக் கடற்படை நிர்வாகத்தின் தலைவர். அதனால் 1778-ல் கேப்டன் குக் பசிபிக் கடலில் ஒரு தீவுக்கூட்டத்தைப் பார்த்தபோது, அவருக்கு மரியாதையாக ‘சாண்ட்விச் தீவுகள்’ என்று பெயர் வைத்துவிட்டார். அந்தத் தீவுகள் எவை தெரியுமா? இன்றைய ஹவாய்! அன்னாசியை டப்பாவில் அடைத்து உலகுக்கே விற்ற அதே ஹவாய். ஆக, சாண்ட்விச்சுக்குள் அன்னாசி வைப்பதை யாராவது ‘இதென்ன கூத்து’ என்று கேட்டால், தீவே சாண்ட்விச்தான் என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று. அன்னாசி போட்ட ‘ஹவாய் பீட்சா’ ஹவாயில் பிறக்கவில்லை. 1962-ல் கனடாவில், கிரேக்கத்திலிருந்து குடியேறிய சாம் பனோபுலோஸ் என்ற உணவகக்காரர் விளையாட்டாகச் செய்து பார்த்தது. அன்னாசி டப்பாவில் ஒட்டியிருந்த பெயரையே பீட்சாவுக்கும் வைத்துவிட்டார்.

ராணியின் விருந்தில் நம்ம ஊர் மசாலா!

சிக்கன் சாலட்டில் மசாலாவும் பழமும் சேர்ப்பது நேற்று முளைத்த ஃபேஷன் என்று நினைத்தீர்களா? 1953 ஜூன் 2. இரண்டாம் எலிசபெத் ராணிக்கு லண்டனில் முடிசூட்டு விழா. உலகெங்கிலுமிருந்து வந்த விருந்தினர்களுக்கு மதிய உணவு போட வேண்டும். பிரிட்டனில் அப்போது போர்க்கால ரேஷனே முழுதாக முடியவில்லை. இறைச்சிக்கு ரேஷன் முடிந்தது 1954-ல்தான். நூற்றுக்கணக்கான பேருக்கு, முன்கூட்டியே சமைத்து ஆறவைத்துப் பரிமாறக்கூடிய ஒரு பதார்த்தம் தேவைப்பட்டது. கார்டன் ப்ளூ சமையல் பள்ளியின் ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் சேர்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வேகவைத்த கோழியை ஆறவிட்டு, வெங்காயமும் ‘கறிப் பொடி’யும் வதக்கிய சாறு, மயோனைஸ், பாலாடை, பாதாமி எனப்படும் ஆப்ரிகாட் பழ விழுது எல்லாம் சேர்த்துக் கலந்தார்கள். அதுதான் ‘கோரனேஷன் சிக்கன்’!

விருந்து முடிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தப் பதார்த்தமோ அரச விருந்து மேசையைவிட்டு இறங்கி, பிரிட்டனின் மளிகைக் கடைகளில் முக்கோணமாக வெட்டிய சாண்ட்விச்சாக உட்கார்ந்திருக்கிறது. இன்று பல கடைகளில் ஆப்ரிகாட் போய், அந்த இடத்தில் மாம்பழச் சட்னியும் உலர்திராட்சையும் வந்துவிட்டன. மஞ்சளும் வெந்தயமும் மல்லியும் அரைத்த பொடி, கோழி, மாம்பழம்! யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்று இனியும் கேட்க வேண்டுமா? அந்தக் கறிப் பொடியை நம் வீட்டுப் பாட்டிமார்கள் மோந்து பார்த்திருந்தால் மறுபடி வறுக்கச் சொல்லியிருப்பார்கள் என்பது என் கட்சி. அது வேறு விஷயம்.

கோழியின் மஞ்சள் காலுக்குச் சொந்தக்காரர் யார்?

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த அதிசயம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கறிக்கடையில் பிராய்லர் கோழியின் காலைக் கவனித்திருக்கிறீர்களா? மஞ்சளாக இருக்கும். தோலும் மஞ்சள் பூத்திருக்கும். உலகத்துக் கோழிகளெல்லாம் தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தவை என்று டார்வின் காலத்திலிருந்து சொல்லிவந்தார்கள். ஆனால் அந்தச் சிவப்புக் காட்டுக்கோழிக்கு மஞ்சள் தோல் கிடையாதே! பிறகு இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? 2008-ல் விஞ்ஞானிகள் மரபணுவைப் பிரித்துப் பார்த்தார்கள். விடை எங்கே போய் நின்றது தெரியுமா? நம்ம தென்னிந்தியக் காடுகளில்! தீபகற்ப இந்தியாவுக்கு வெளியே எங்குமே காட்டில் காண முடியாத சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்த மரபணு அது. பழனிமலைக் காடுகளில் விடியற்காலையில் கரகரத்த குரலில் கூவுமே, அதே கோழி.

அது எப்படி வேலை செய்கிறது என்பது இன்னும் ருசியான சங்கதி. சோளம், கீரை போன்ற தீனியில் மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன. சாதாரணமாக ஒரு நொதி அவற்றைத் தோலில் தங்கவிடாமல் உடைத்துப்போட்டுவிடும். சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்த மரபணு உள்ள கோழிகளில், தோலில் மட்டும் அந்த நொதி வேலை செய்வதில்லை. நிறமி அப்படியே தங்கிவிடுகிறது. தோல் மஞ்சள், கால் மஞ்சள். என்றோ ஒரு காலத்தில் நம் பக்கத்துக் காட்டுச் சேவல் ஒன்று ஊர்க்கோழியோடு கூடியதன் அடையாளம், இன்று அமெரிக்கா முதல் ஐரோப்பா வரை உள்ள பண்ணைக் கோழிகளின் காலில் தெரிகிறது. சிகாகோவில் ஒருவர் சிக்கன் சாண்ட்விச் கடித்தாலும் அந்தக் கோழிக்குப் பூர்வீகம் கொஞ்சம் இந்தப் பக்கம்தான்!

பிராய்லர் பிடிக்காதவர்கள் வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போகலாம். ஆட்டுக்குப் பேர்போன சந்தை. விடிவதற்கு முன்பே கூட்டம் கூடிவிடும். பஞ்சாரத்திலும் கூடையிலும் நாட்டுக்கோழிகள், சிலிர்த்துக்கொண்டு நிற்கும் கட்டுச்சேவல்கள். சிறுவிடை, பெருவிடை என்று தூக்கிப் பார்த்தே எடை சொல்லும் ஆட்கள் அங்கே உண்டு. திண்டுக்கல் பக்கம் கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களுக்குக் கண்காட்சியே நடக்கிறது. நல்ல சேவல் லட்சக்கணக்கில் விலை பேசப்படும். அதைக் கொண்டுபோய் சாண்ட்விச் செய்துவிடாதீர்கள்! மாங்காயிலும் கிளிமூக்கு உண்டு. நமக்கு வேண்டியது அந்தக் கிளிமூக்குதான்.

கோழிக்கு மிளகாய் உறைக்காது!

நம்புங்கள், உண்மை. களத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தால் கோழி வந்து விதையைக் கொத்திக்கொண்டு ஹாயாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். மிளகாயில் உறைப்பைத் தரும் பொருள் நம் நாக்கில் உள்ள ஓர் உணரியைத் தட்டி, ‘சுடுகிறது’ என்று மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்புகிறது. பறவைகளுக்கும் அந்த உணரி இருக்கிறது. ஆனால் அதன் அமைப்பு சற்று வேறு. மிளகாய் அதைத் தட்டுவதில்லை. பாலூட்டிகள் விதையைக் கடித்து நொறுக்கிவிடும், பறவைகள் முழுதாக விழுங்கித் தூரத்தில் போட்டுவிடும் என்பதால் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது என்கிறார்கள். அந்த உணரியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உயிரோடு இருந்தவரை கோழிக்கு உறைக்காத மிளகாய், அதே கோழி சாலட் ஆனபின் நமக்குக் கண்ணில் தண்ணீர் வரவைக்கிறது!

கண்ணீர் என்றதும் சின்ன வெங்காயம் ஞாபகம் வருகிறது. திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற சரக்கு. வெங்காயம் நறுக்கினால் ஏன் அழுகிறோம் என்பதற்குக் காரணமான நொதியை 2002-ல் கண்டுபிடித்துச் சொன்னது யார்? ஜப்பானில் கறி மசாலா விற்கும் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள்! 2013-ல் அவர்களுக்கு, ‘முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும்’ ஆராய்ச்சிகளுக்கான இக்நோபல் பரிசும் கொடுத்தார்கள்.

மயோனைஸுக்குத் தடை, ரொட்டி வெட்டவும் ஒருகாலத்தில் தடை!

சிக்கன் சாலட் என்றாலே மேலைநாட்டில் மயோனைஸ்தான். பச்சை முட்டையின் மஞ்சள் கரு, எண்ணெய், புளிப்புக்கு எலுமிச்சை அல்லது வினிகர். எண்ணெயும் தண்ணீரும் ஜென்மப் பகை. முட்டைக் கருவில் உள்ள லெசித்தின் நடுவில் நின்று இரண்டையும் சேர்த்துவைக்கிறது. ஆனால் நம் மாநிலத்தில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவோ, சேமிக்கவோ, விற்கவோ கூடாது என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசு தடை போட்டது தெரியுமா? சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் வயிற்றைப் புரட்டியெடுக்கும் அபாயம்தான் காரணம். தெலங்கானா அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், தடை போட்டிருந்தது. ஷவர்மா கடைகள் முட்டையில்லாத மயோனைஸுக்கு மாறியது இப்படித்தான்.

தடை என்றதும் சிரிக்காதீர்கள். இதைவிட வேடிக்கையான தடை ஒன்று உண்டு. ரொட்டியை மிஷினில் துண்டு போட்டு விற்பது 1928 ஜூலை 7-ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சில்லிக்காத்தி என்ற சிற்றூரில் தொடங்கியது. ஓட்டோ ரோவெடர் என்பவர் செய்த மிஷின். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்கப் பெண்களுக்குக் கத்தியால் ரொட்டி வெட்டும் பழக்கமே போய்விட்டது. 1943 ஜனவரியில், உலகப்போர்ச் சிக்கனம் என்று சொல்லி, துண்டு போட்ட ரொட்டிக்கு அரசு தடை விதித்தது! வீட்டுக்கு வீடு ஒரே கூச்சல். மார்ச் மாதமே தடையை எடுத்துவிட்டார்கள்.

நமக்கு மயோனைஸ் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிட்டது? கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீரெல்லாம் வடிந்து வெண்ணெய்ப் பதத்துக்கு வந்து நிற்கும். அதோடு தேங்காயைக் கொஞ்சம் நைசாக அரைத்துச் சேருங்கள். தேங்காய்ப்பால் என்பதே இயற்கை செய்துவைத்த மயோனைஸ் மாதிரிதான்: எண்ணெயும் தண்ணீரும் பிரியாதபடி தேங்காயின் சொந்தப் புரதமே பிடித்துவைத்திருக்கிறது. முட்டையும் வேண்டாம், லெசித்தினும் வேண்டாம்!

நம்மைத் தின்னும் பழம்!

அன்னாசியை நிறையச் சாப்பிட்டால் நாக்கு ஏன் எரிகிறது? நாம் அதைத் தின்னும்போது அதுவும் நம்மைத் தின்கிறது! அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி புரதத்தை வெட்டும். நம் நாக்கும் புரதம்தானே. கோழியும் புரதம், தயிரும் புரதம். பச்சை அன்னாசித் துண்டுகளைத் தயிர்க் கலவையில் போட்டு ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். தயிர் நீர்த்து, கசப்பு தட்ட ஆரம்பிக்கும். கறியின் மேல்பக்கம் மாவு மாதிரி ஆகிவிடும். டப்பா அன்னாசியில் இந்தத் தொல்லை கிடையாது. டப்பாவில் அடைக்கும்போது கொடுக்கும் சூட்டில் நொதி செத்துவிடுகிறது. நாமும் தோசைக்கல்லில் அன்னாசியை இரண்டு பக்கமும் நன்றாகச் சுட்டுவிட்டால் ஆயிற்று. அன்னாசி நம் சமவெளிப் பயிர் இல்லை. மலையாளக் கரை வாழக்குளத்து அன்னாசிக்கு 2009-ல் புவிசார் குறியீடே உண்டு. அவர்களிடம் வாங்கிக்கொள்வதில் வெட்கமென்ன?

பப்பாளிக்காயிலும் இதே வேலையைச் செய்யும் பப்பைன் இருக்கிறது. முற்றிய ஆட்டுக்கறி வேகாவிட்டால் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடச் சொல்வது இதனால்தான். காயின் தோலில் மெல்லக் கீறி, வடியும் பாலைச் சேகரித்து மருந்துக்கும் தொழிலுக்கும் அனுப்புகிறார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பாலுக்கென்றே ரகங்கள் விட்டிருக்கிறது.

பப்பாளியைப் பற்றி இன்னொரு அதிசயம்! 2008-ல் கோவைப் பக்கம் வெள்ளை வெள்ளையாக ஒரு மாவுப்பூச்சி தோன்றியது. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடு முழுக்க நாசம் செய்தது. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகியது. பெரிய அழிவு சில மாதங்களில் அடங்கிவிட்டது. இன்று நாம் பப்பாளி தின்பதற்கு அந்தக் குளவிக்கும் ஒரு கும்பிடு போடலாம்.

நத்தம், ஆயக்குடி, கொடைரோடு, தடியன்குடிசை...

மே மாதம் நத்தம் சாலையில் போனால் கமிஷன் கடைகளில் கூடை கூடையாகக் கல்லாமை, செந்தூரம், இமாம் பசந்த், காசா லட்டு. காசா லட்டைச் சாண்ட்விச்சுக்குள் வைக்காதீர்கள், பாவம் பிடிக்கும்! அதைக் கையில் பிசைந்து உறிஞ்சத்தான் வேண்டும். சாண்ட்விச்சுக்கு ஏற்றது கிளிமூக்கின் செங்காய்ப் பதம்: புளிப்பும் இருக்க வேண்டும், இனிப்பும் எட்டிப்பார்க்க வேண்டும், கத்தி பட்டால் ‘நறுக்’ என்று கேட்க வேண்டும். மாவுக்கு முந்திரி அண்ணன் தம்பி முறை, தெரியுமா? பிஸ்தாவும் அதே குடும்பம்தான்.

ஆயக்குடிக் கொய்யா பழனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் பழக்கம். எடைக்கு எடை ஆரஞ்சைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வைட்டமின் சி அதில் உண்டு. நல்ல பழம்தான், ஆனால் விதை கோழிக்கறியோடு பல்லில் மாட்டும். எனக்கு இது சாண்ட்விச்சுக்கு ஒத்துவராது என்றே தோன்றுகிறது. தனியாக உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைரோடு, சிறுமலை அடிவாரப் பந்தல்களில் தொங்கும் பன்னீர் திராட்சைக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரின் பெயர்: மஸ்கட் ஹாம்பர்க்! 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லிவருகிறார்கள். கம்பத்துப் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. பாதியாக நறுக்கி விதையை நீக்கிக் கோழியோடு சேர்த்தால், ஒவ்வொரு கடியிலும் பன்னீர் வாசம்.

சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். அங்கே உள்தோட்டங்களிலிருந்து எலுமிச்சை, பலா, வாழைத்தாரைச் சாலைவரை சுமந்து வருவது யார்? குதிரைகள்! பொங்கல் சமயத்தில் அந்தக் குதிரைகளைக் குளிப்பாட்டி, அலங்கரித்து அந்தோணியார் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே விளையும் மலைவாழை 2008-09-லேயே விருப்பாச்சி மலைவாழையோடு புவிசார் குறியீடு பெற்றது. முடிக்கொத்து நோய் வந்து ஒருகாலத்தில் தோப்புத் தோப்பாக அழிந்து, பிறகு மீட்டெடுத்த வாழை. பழனி பஞ்சாமிர்தத்தின் உயிரே அதுதான் என்பதால், அதைக் கோழியோடு கலக்கும் யோசனையை நான் சொல்லமாட்டேன்.

கீழ்ப்பழனிமலையில் தடியன்குடிசை என்ற ஊரில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த வெண்ணெய்ப்பழ ரகம்தான் ‘டி.கே.டி. 1’. பட்டர் ஃப்ரூட் என்று நாம் சொல்லும் பழம். அந்தப் பெரிய கொட்டையை எந்தப் பறவையும் விழுங்க முடியாதே, காட்டில் எப்படிப் பரவியது? யானை கனத்துக்கு இருந்து, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அற்றுப்போன அமெரிக்க விலங்குகள் முழுசாக விழுங்கிப் பரப்பியிருக்க வேண்டும் என்று 1982-ல் இரண்டு விஞ்ஞானிகள் சொன்னார்கள். விழுங்க ஆளில்லாமல் போன பழத்தை மனிதன் தத்தெடுத்துக்கொண்டான்!

கணக்குப் போட்டுப் பாருங்கள்: மிளகாய், பப்பாளி, கொய்யா, அன்னாசி, வெண்ணெய்ப்பழம், முந்திரி, நிலக்கடலை, தக்காளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்து நம் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துக்கொண்டவை. மா, மிளகு, பலா போன்றவைதான் இந்த மண்ணின் பழைய குடிகள்.

கோதுமை விளையாத ஊருக்குக் கோதுமையோடு என்ன பகை?

ரொட்டிக்கு வேண்டிய கோதுமை திண்டுக்கல் சமவெளியில் கிடையாது. ஆனால் வடநாட்டுக் கோதுமை விவசாயி நம் பழனிமலையை நினைத்துப் பயந்த காலம் ஒன்று இருந்தது தெரியுமா? கோதுமைத் தண்டில் துருப் பிடித்ததுபோல் ஒரு பூஞ்சை நோய் வரும். வடக்கில் கோடை வெயிலில் அந்தப் பூஞ்சை செத்தே போகும். ஆனாலும் அடுத்த பயிரில் மறுபடி தலைகாட்டும். எங்கிருந்து வருகிறது? ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே.சி.மேத்தா பல ஆண்டுகள் துருவினார். விடை: நீலகிரியும் பழனிமலையும்! குளிர்ந்த இந்த மலைகளில் ஆண்டு முழுக்கக் கோதுமைப் பயிர் இருந்ததால் பூஞ்சையும் பிழைத்துக் கிடந்தது. நவம்பரில் வங்கக்கடலில் புயல் உருவானால், அந்தக் காற்று கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை வித்துகளை அள்ளிக்கொண்டு போய் மத்திய இந்தியாவில் மழையோடு இறக்கிவிடும். அடேங்கப்பா! நமக்குப் பள்ளி லீவு விடும் புயல், அங்கே ரொட்டி விலையைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.

சரி, செய்வது எப்படி?

போன்லெஸ் நெஞ்சுக்கறி 300 கிராம். மஞ்சள்தூள், உப்பு, தட்டிய மிளகு, ஒரு துண்டு இஞ்சி போட்ட தண்ணீரில், தளதளவென்று கொதிக்கவிடாமல் சிறு தீயில் வேகவையுங்கள். கொதித்தால் நெஞ்சுக்கறி ரப்பராகிவிடும். நடுக்கறி 74 டிகிரி தாண்டினால் கிருமி பயம் இல்லை. வெப்பமானி இல்லாதவர்கள் நடுவில் கீறிப் பார்க்கலாம், ரோஸ் நிறம் இருக்கக் கூடாது. வெந்த தண்ணீரிலேயே சற்று ஆறவிட்டு எடுத்துக் கையால் நார் நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். கத்தியால் வெட்டினால் துண்டு வழுக்கும், தயிர்க் கலவை ஒட்டாது. மிச்சத் தண்ணீர் ரசத்துக்கு ஆகும்.

வடித்த தயிர் நாலு கரண்டி, அரைத்த தேங்காய் இரண்டு கரண்டி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், சிறுமலை எலுமிச்சைச் சாறு, கறிவேப்பிலை, மல்லித்தழை. ஒரு சிட்டிகை வறுத்த சீரகப்பொடி. மேலைநாட்டில் கறுமுறுவென்று இருக்க செலரித் தண்டு போடுவார்கள். நமக்கு வாழைத்தண்டு இருக்கிறதே! இளந்தண்டை மோரில் நறுக்கிப் போட்டால் கறுக்காது. அதோடு வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி.

பழத்தைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். உப்புப் பட்ட மறுநிமிடம் மாங்காய் தண்ணீர்விட ஆரம்பித்துவிடும். ரொட்டி மில்க் பிரெட்டாக இல்லாமல் இனிப்புக் குறைந்ததாக இருக்கட்டும். உள்பக்கம் இரண்டிலும் ஓரம்வரை வெண்ணெய் தடவிவிட்டால் ஈரம் ரொட்டிக்குள் இறங்காது. அதன்மேல் கலவை, மாங்காய்த் துண்டு, திராட்சை. மூடி, குறுக்காக வெட்டுங்கள்.

செய்த கையோடு சாப்பிட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரம் என்று மேலைநாட்டில் கணக்குச் சொல்வார்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் அவர்களே ஒரு மணி நேரம்தான் என்கிறார்கள். திண்டுக்கல் சித்திரை வெயிலுக்கு இது புரியாதா என்ன? பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் மத்தியானம்வரை வைத்துக் கொடுத்தனுப்பும் பண்டம் இது இல்லை.

பிரியாணிக்குப் போட்டியா என்று யாரும் கேட்காதீர்கள். 1957-ல் நாகசாமி நாயுடு தலைப்பாகையோடு தொடங்கிவைத்த சீரகச் சம்பா சாம்ராஜ்யத்தின் முன்னால் ரொட்டித் துண்டு என்ன செய்யும்? இது மாலை ஆறு மணிச் சமாச்சாரம்.

தைப்பூசத்துக்கு மாலை போட்ட வீடுகளிலும் புரட்டாசியிலும் கோழிக்கு வழியில்லை. அதற்கும் சிறுமலையிலேயே ஆள் இருக்கிறது: பலாப்பிஞ்சு. மஞ்சள், உப்புப் போட்டு வேகவைத்து உதிர்த்தால் கோழிக்கறியைப் போலவே நார் நாராகப் பிரியும். மீதமெல்லாம் மேலே சொன்னபடிதான். நறுக்குவதற்கு முன் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பலாப்பால் ஒட்டினால் சோப்புக்கெல்லாம் மசியாது.